பிளக்கை விடுங்கள், முதலில் பிளக் குழியைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூரில் எங்கள் பட்டறைக்கு வரும் பெட்ரோல் கார்களில் பலவற்றுக்கு ஒரே புகார்தான். "அண்ணே, வண்டி மிஸ்ஸிங் அடிக்குது. பிளக் போயிடுச்சு போல." மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் உதறுவது; பிளக் என்றால் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக். பானெட்டைத் திறந்து, குழிக்குள் பிளக்கின் தலைமேல் உட்கார்ந்து அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயிலை உருவினால் ரப்பர் நுனியில் தண்ணீர் சொட்டும். தெருவில் தேங்கிய தண்ணீர் அவ்வளவு மேலே ஏறியிருக்காது. பெரும்பாலும் சேறு போகட்டும் என்று வாட்டர் சர்வீஸில் இன்ஜின் மேலேயே பிரஷர் தண்ணீர் அடித்திருப்பார்கள். குழிக்குள் தண்ணீர் நின்றால் கரண்ட் பிளக் முனைக்குப் போகாமல் பீங்கான் மேலேயே ஓடி ஹெட்டில், அதாவது சிலிண்டர்களுக்கு மேல் பிளக் திருகியிருக்கும் உலோகப் பகுதியில், இறங்கிவிடும். அந்தப் பிளக்கைக் கழற்றத் தேவையே இல்லை. ஏர் அடித்து, காயவைத்து, காயிலைத் துடைத்துப் போட்டால் வண்டி சரியாகிவிடும்.

அதனால் கடைக்குப் போய்ப் புதுப் பிளக் செட் வாங்குமுன் காயிலையும் சோதித்துவிடுங்கள். வண்டியில் மாட்டிப் பழுதுக் குறியீட்டை (கோடு) படிக்கும் ஸ்கேனரில் பி 0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். அந்தக் காயிலையும் மூன்றாவது சிலிண்டர் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி 0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. 0301 ஆகவே நின்றால் பிளக்கைச் சந்தேகப்படலாம். இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் சோதனை, கீதனை என்று சுற்றாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். அதன் விலைக்குப் பல செட் பிளக் வாங்கலாம்.

வீட்டில் மாற்றாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பிளக்குகள் மேலே வரிசையாகத் தெரியும் சின்னக் காரில் இது நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை. இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பிளக் கண்ணில் படும் என்ற வண்டியை மட்டும் தொட வேண்டாம். டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. இதைக் கேட்டுக்கொண்டு இன்றும் போன் வருகிறது.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வரும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். காயில் கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கி பழைய வண்டிகளில் அப்பளம் மாதிரி நொறுங்கும், பார்த்து அழுத்துங்கள். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை மாதிரிக் கடலோரத்தில் நிற்கும் வண்டியென்றால் காயில் போல்ட்டும் உப்புக்காற்றில் பிடித்திருக்கும். வலித்துத் திருகாமல் துருநீக்கி அடித்து ஊறவிடுங்கள்.

காயில் வெளியே வந்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள்: மணல், காய்ந்த இலைத்தூள், சில சமயம் எறும்புப் புற்றுமண். பிளக்கை எடுத்த நொடியில் இதெல்லாம் நேராக சிலிண்டருக்குள் விழும். பிளக் உட்கார்ந்திருக்கும்போதே ஏர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரஸர் இல்லையென்றால் காயிலையும் பேட்டரியையும் மறுபடி மாட்டிப் பஞ்சர் கடைக்கு ஓட்டிப்போய், காயிலைக் கழற்றி அங்கேயே ஊதிவிட்டு வாருங்கள், ஆனால் திரும்பி வந்து மறுபடி ஆறவைக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்; ஊதினால் மண் உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

புதுப் பிளக்கை ஸ்பேனரில் மாட்டிக் குழியில் இறக்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. எனக்கு அது பிடிக்காது. ஒரு சாண் ரப்பர் ஹோஸைப் பிளக்கின் தலையில் செருகி, விரலால் ஹோஸைச் சுற்றி இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால் மரை விழும் இடத்தில் சின்னதாக ஒரு 'டக்' கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். மரை கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிச் சுற்றும், பிளக் நகராது. இரும்பு ஸ்பேனர் இந்த எச்சரிக்கையைத் தராது. கோணலாகவே உள்ளே ஏற்றிவிடும். பிறகு ஹெட்டுக்கு ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாகப் போடும் கம்பிச்சுருள்) போட லேத்துக்கு அலைய வேண்டியதுதான்.

விரலால் கடைசிவரை ஏறியபின் டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர். அலுமினிய ஹெட்டில் 14 மில்லி மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிக்கு 15 முதல் 20, 10 மில்லிக்கு 10 முதல் 12. வண்டிப் புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் சரி. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், வாஷர் வைத்த புது 14 மில்லி பிளக்கென்றால் கைப்பிடிக்குமேல் அரைச் சுற்றோடு நிறுத்துங்கள். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், வழுக்கலில் அளவு தெரியாமல் கூடுதலாக இறுகிவிடும்.

சாதா நிக்கல் பிளக் 30,000, 40,000 கிலோமீட்டர் ஓடினால் போதும். இரிடியம் ஒரு லட்சம் வரை தாங்கும். இரிடியத்தின் ஊசிமுனையில் கேப் கேஜை (இடைவெளி அளக்கும் கருவி) விட்டு நெம்பினால் முனை முறிந்துவிடும், வேண்டாம்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே பழைய செய்தித்தாளில் வையுங்கள். இளம்பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. முனையிலேயே ஈரமாக எண்ணெய் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் போயிருக்கும், அது பட்டறை வேலை. முனை சுத்தமாக இருந்து மேல்பக்கப் பீங்கானிலும் குழியிலும் மட்டும் எண்ணெய் தெரிந்தால், ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரில் இருக்கும் குழி சீல் கசிகிறது. முதலில் அந்தச் சீலை மாற்றுங்கள். எண்ணெயில் ஊறிய காயில் ரப்பரும் உப்பிப்போயிருந்தால் அதுவும் புதுசு.