பாட்டு கேட்குது, பேச்சு கேட்கலை: லினக்ஸ் போனும் ப்ளூடூத் ஹெட்செட்டும்

காட்பாடியில் கம்ப்யூட்டர், போன் சர்வீஸ் பார்க்கிற எனக்கு லினக்ஸ் போன் (கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸே ஓடும் போன்) எடுத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம் இல்லை. பழைய போக்கோ எஃப்1, ஒன்பிளஸ் 6 வாங்கி அதில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸைப் போட்டுக்கொண்ட காலேஜ் பசங்க சிலர். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை பைன்போன் என்ற லினக்ஸ் போனை அனுப்பிவைத்த அப்பா அம்மாக்கள் சிலர். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் கொண்டுவரும் புகார் ஒன்றுதான்: ஹெட்செட். அதிலும் பாதிப்பேர் ஏற்கெனவே இரண்டாவது ஹெட்செட் வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். அந்தச் செலவைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை பெல் (பிஹெச்இஎல்) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பைன்போனைக் கவுன்டர் மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார் இது, பாட்டு சூப்பரா கேக்குது, எம் பொண்ணு போன் பண்ணா மட்டும் ஊமையாயிடுது?" ஹெட்செட்டை என் காதில் மாட்டிக்கொண்டு, அவரை வெளியே போய் என் கடை போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன். அழைப்பை எடுத்தேன். காதில் ஒன்றுமில்லை. கண்ணாடி மேல் கிடந்த பைன்போனின் இயர்பீஸிலிருந்து "ஹலோ, ஹலோ" என்று அவர் குரல் மெலிசாக வந்துகொண்டிருந்தது. திரையிலோ ஹெட்செட் இணைந்திருக்கிறது என்றே காட்டியது. "ஐயா, ஹெட்செட்டு மேல தப்பே இல்லீங்க" என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான்; ஆண்ட்ராய்டில் பழகியவருக்கு இணைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு புரொஃபைல் (இணைந்த கருவிகள் ஒலியைக் கைமாற்றும் முறை), பேச்சுக்கு வேறு புரொஃபைல். பாட்டுக்கு ஏ2டிபி: ஒருவழி, ஸ்டீரியோ, எஸ்பிசி கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) கட்டாயம். பேச்சுக்கு ஹெச்எஸ்பி அல்லது ஹெச்எஃப்பி: இருவழி, மோனோ. பழைய சிவிஎஸ்டி முறையில் நொடிக்கு 8,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுக்கும் தடவை), புதிய எம்எஸ்பிசி முறை என்றால் 16,000. பாட்டு சிடியில் இது 44,100. அதனால்தான் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏதாவது ஆப் மைக்கைத் திறந்தால் சத்தம் சட்டென்று மங்கிப்போகிறது. அது பழுதில்லை, புரொஃபைல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல் போனுக்குள்ளே இருக்கிறது. பைன்போனில் பாட்டு ஆல்வின்னர் ஏ64 ப்ராசஸரில் உருவாகி, பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்ற சவுண்ட் சர்வர் (ஒலியை எங்கே அனுப்புவது என்று பார்க்கும் மென்பொருள்) வழியாக லினக்ஸின் ப்ளூடூத் மென்பொருளான ப்ளூஇசட்டுக்குப் போய், அங்கிருந்து ரியல்டெக் ப்ளூடூத் சிப்புக்குப் போகிறது. சிம் அழைப்பின் குரல் அந்தப் பக்கம் வருவதே இல்லை. அது சிம் வேலையைப் பார்க்கும் குவெக்டெல் மோடத்திலிருந்து தனிக் கம்பி வழியே நேராக ஆடியோ கோடெக்குக்கு (இது ஒலிக்கான சுற்று, மேலே சொன்ன எஸ்பிசி கோடெக் வேறு) வந்து இயர்பீஸுக்குப் போய்விடுகிறது. காட்பாடி ஜங்ஷன் ஒன்றுதான், ஆனால் சென்னை லைன் வேறு, திருப்பதி லைன் வேறு என்கிற மாதிரி. ப்ளூடூத் சிப்பிலிருந்து கோடெக்குக்கும் பேச்சுக்கென்று ஒரு கம்பி போர்டில் உண்டு. அந்த இரண்டு கம்பிகளையும் சேர்த்துவிடுவது மென்பொருளின் வேலை. உங்கள் போனில் இருக்கும் லினக்ஸ் அதைச் செய்திருந்தால் பேச்சு ஹெட்செட்டில் வரும், செய்யாவிட்டால் ஐந்தாயிரம் ரூபாய் ஹெட்செட் வாங்கினாலும் வராது.

லினக்ஸில் இந்த வேலை அநாதையாகக் கிடப்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 2012 கடைசியில் வந்த ப்ளூஇசட் 5, பேச்சு புரொஃபைல்களைத் தன் பொறுப்பிலிருந்து கழற்றிவிட்டது. போன் அழைப்புகளைக் கவனிக்கும் ஓஃபோனோ மென்பொருளும் சவுண்ட் சர்வர்களும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆனது. இப்போது பைப்வயர் நிறையவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஹெட்செட் பட்டனை அழுத்தி அழைப்பை எடுக்க மோடத்தை நிர்வகிக்கும் மோடம்மேனேஜருடன் பேசும் வசதிகூட அதில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு போன் மாடலுக்கும் கம்பியைச் சேர்க்கும் வேலையை யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும்.

அதனால் கடைக்கு ஓடிவரும் முன், எது வேலை செய்யவில்லை என்று வீட்டிலேயே பிரித்துப் பாருங்கள்.

ஹெட்செட் பெயரே திரையில் வரவில்லையா? முதலில் வீட்டிலிருக்கும் பழைய ஆண்ட்ராய்டில் ப்ளூடூத்தை அணையுங்கள். ஹெட்செட் ஆன் ஆனதும் பழைய எஜமானைத் தேடி ஓடிவிடும், புதுப் போன் கண்ணில் படவே படாது. என் கவுன்டரில் நிறைய பேரின் பிரச்சினை இதோடு முடிந்துவிடுகிறது. அடுத்து பைன்போனின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஆறு சின்ன சுவிட்சுகளில் இரண்டாவது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் அது ஒன்றுதான். பிறகு டெர்மினலில் ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) என்ற கட்டளை கொடுத்து மென்பொருள் தடை இருக்கிறதா என்று பார்க்கலாம். அதுவும் சரியென்றால் சிப்பின் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) ஃபைல் இல்லாமல் இருக்கலாம், டிமெசேஜ் (dmesg) கட்டளை காட்டும் பதிவில் தெரிந்துவிடும். ஓப்பன் சோர்ஸ் போன் என்றாலும் இந்த ஃபர்ம்வேர் மட்டும் கம்பெனி தரும் மூடிய ஃபைல்தான். அதைக் கேட்டு ஏமாந்து போகிற பசங்களையும் பார்த்திருக்கிறேன்.

இணைகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கையால் இணைக்க வேண்டியிருக்கிறதா? ப்ளூடூத்சிடிஎல் (bluetoothctl) கட்டளையில் பேரிங் மட்டும் செய்திருப்பீர்கள், டிரஸ்ட் (தானாக இணைய அனுமதி) கொடுத்திருக்க மாட்டீர்கள்.

இணைந்தும் பாட்டே வரவில்லையா? சவுண்ட் செட்டிங்கில் அவுட்புட்டை ஹெட்செட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பட்டியலிலேயே அது இல்லையென்றால், பைப்வயருக்கான ப்ளூடூத் பேக்கேஜ் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். டெபியன் லினக்ஸ் வழிவந்த மொபியன் மாதிரியான போன் லினக்ஸ்களில் அது தனிப் பேக்கேஜ்.

பாட்டு விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் வைஃபையால். பைன்போனில் இரண்டும் ஒரே சிப், ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வீடியோ டவுன்லோடு ஓடும்போது பாட்டு திக்கத்தான் செய்யும்.

பாட்டு சரி, சிம் அழைப்பு மட்டும் இல்லை என்றால் மேலே சொன்ன கம்பிக் கதை. அதற்கு முன் ஹெட்செட்டே இல்லாமல் ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். 2ஜி, 3ஜி இல்லாத ஜியோ சிம்மில் வோல்ட்இ (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) சரியாக அமையாவிட்டால் அழைப்பே இணையாது. பழியை மட்டும் ஹெட்செட் சுமக்கும்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஹெட்செட் வேலை செய்யவில்லை என்றதும் இன்டர்நெட்டில் கண்ட கட்டளைகளை ரூட்டாக (போனின் முழு அதிகாரத்தோடு) ஒட்டிவிடும் பழக்கம் பசங்களிடம் இருக்கிறது. ஒரு பையன் அப்படிக் கொண்டுவந்த போனில் ப்ளூஇசட்டின் இன்புட் ஃபைலில் 'கிளாசிக் பாண்டட் ஒன்லி' (முறையாகப் பேரிங் செய்த கருவியை மட்டும் ஏற்பது) என்ற வரியை ஃபால்ஸ் ஆக்கி வைத்திருந்தான். அது பழைய கேம் கன்ட்ரோலருக்காகச் சொல்லப்படும் வைத்தியம், ஹெட்செட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 2023 டிசம்பரில் வெளிவந்த ஓட்டையில், பக்கத்தில் இருப்பவர் அனுமதியே இல்லாமல் ப்ளூடூத் கீபோர்டு போல ஒட்டிக்கொண்டு உங்கள் போனில் டைப் செய்ய முடியும் என்பதால்தான் அந்த வரியை ட்ரூ ஆக்கினார்கள். "நீ தொறந்து வச்ச கதவு, தம்பி" என்று சொல்லி மூடிக் கொடுத்தேன். ஹாஸ்டல் ரூமிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் போனின் ப்ளூடூத்தை மற்றவர் தேடலில் தெரியும் நிலையில் விடாதீர்கள், பேரிங் முடிந்ததும் அந்த நிலையை அணையுங்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் விக்கியிலும் உபுண்டு டச் என்ற போன் லினக்ஸைப் பராமரிக்கும் யூபிபோர்ட்ஸ் தளத்திலும் மாடல்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ப்ளூடூத் கட்டம் பச்சையாக இருந்தால் மட்டும் போதாது, அழைப்பு, ஆடியோ கட்டங்களையும் பாருங்கள். உபுண்டு டச் பல போன்களில் ஆண்ட்ராய்டு டிரைவர்களையே ஹேலியம் என்ற இடைமென்பொருள் வழியாகப் பயன்படுத்துகிறது. அதனால் தினசரி போனாக வைத்துக்கொள்பவர்களுக்கு நான் அந்தப் பக்கம் கைகாட்டுவது வழக்கம்.

பெல் பெரியவருக்குப் பாட்டுக்கு ப்ளூடூத், பொண்ணோடு பேச மைக் வைத்த சாதா வயர் ஹெட்செட் என்று சொல்லி அனுப்பினேன். பைன்போனில் 3.5 மிமீ ஜாக் இருக்கிறது. ஆறாவது சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஃபில் இருந்தால் ஜாக் சீரியல் போர்ட்டாக (கம்ப்யூட்டரோடு இணைத்துப் பழுது பார்க்கும் வழி) ஆகிவிடும், வயர் ஹெட்செட்டிலும் ஒன்றும் கேட்காது.