அளவுகோல் 1.2 மீட்டர் என்றால் ஆழம் 1.2 மீட்டர் அல்ல

ஆற்றோர அளவுகோல் 1.2 மீட்டர் காட்டினால், இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று கயாக் படகை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கோலின் பூஜ்யம் ஆற்றின் அடித்தரையில் இருக்க வேண்டியதில்லை. நட்டவர்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட மட்டம் அது. அடுத்த ஆற்றின் 1.2 மீட்டரோடு இதை ஒப்பிடவே கூடாது.

கோல் அகன்ற மடுவில் நின்றால் இன்னும் ஏமாற்றும். அங்கே 10 சென்டிமீட்டர் மட்டும் ஏற்றிய தண்ணீர், கீழே பாறை இடுக்கில் நுழையும்போது அதைப்போலப் பல மடங்கு உயரும். கோலுக்குக் கீழே ஓடை ஏதாவது வந்து சேர்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தண்ணீர் கோலின் கணக்கில் வராது. வரத்தை, அதாவது வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைப் படிக்கும்போது அலகு முக்கியம்: வினாடிக்கு ஒரு கனமீட்டர் என்றால் ஏறக்குறைய 35 கனஅடி.

கோலே இல்லாத இடத்தில் நேரான பகுதியாகப் பார்த்து 20 மீட்டர் அளந்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தை நடு ஓட்டத்தில் விடுங்கள். பெரும்பகுதி மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. 16 வினாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 1.25 மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவானது என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள். அதை ஆற்றின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் வரத்து: அகலம் 20 மீட்டர், ஆழம் 0.8 மீட்டர் என்றால் வினாடிக்குச் சுமார் 17 கனமீட்டர். தோராயம்தான், ஆனால் அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துவைத்தால், எந்த எண்ணுக்கு எந்தப் பாறை மூழ்கும் என்பது பிடிபடும்.

எங்களைக் கேட்டால், மட்டத்தைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. இறங்கும் ஆற்றில் பாறைகளில் தண்ணீருக்கு மேலே ஈரப்பட்டை கறுத்துத் தெரியும். ஏறும் ஆறு காய்ந்த பாறையையே நேராகத் தொடும். சருகும் சுள்ளியும் நடு ஓட்டத்தில் மிதந்து வரும், நிறம் கலங்கும். சந்தேகமென்றால் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றிக் கால் மணி நேரம் பொறுங்கள். குச்சியைத் தாண்டித் தண்ணீர் ஏறியிருந்தால் படகு கரையிலேயே இருக்கட்டும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கரையோர மரக்கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அவை சல்லடைபோலத் தண்ணீரை விட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

மேலே அணை இருந்தால் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. மழையே இல்லாத நாளிலும் மதகு திறக்கும். எத்தனை மணிக்குத் திறப்பார்கள், அந்தத் தண்ணீர் நீங்கள் இறங்கும் துறைக்கு வர எவ்வளவு நேரமாகும் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.