இலவச சேவருக்கும் உபயகாரர் வேண்டும்

கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவரின் கந்தோரில் மூன்று சேவர்கள். மூன்றிலும் புரொக்ஸ்மொக்ஸ் ஓடுகிறது; ஒரு சேவருக்குள் பல கம்பியூட்டர்களை ஓட்டும் இலவச மென்பொருள் அது. கணக்கு, சம்பளம், சிசிடிவி எல்லாம் வெர்ச்சுவல் மெஷின்கள், அதாவது சேவருக்குள் ஓடும் மென்பொருள் கம்பியூட்டர்கள்; ஒவ்வொன்றுக்கும் தனி விலான், ஒரே வயரில் எண் போட்டுப் பிரித்த தனி நெட்வேர்க். 2022, மின்வெட்டுக் காலம். ஒரு சேவரின் யூபிஎஸ் பற்றரி கையை விரித்ததால், கணக்கு மெஷினை இரவோடு இரவாகப் பக்கத்துச் சேவருக்கு நகர்த்தினேன். எந்தப் பிழையும் காட்டாமல் போய் உட்கார்ந்தது. காலையில் பார்த்தால் கடையில் ஒருவருக்கும் பில் அடிக்க முடியவில்லை!

அந்தச் சேவரின் பிரிட்ஜில், அதாவது மெஷின்களை வெளி நெட்வேர்க்கோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்சில், அனுமதித்த விலான்கள் 10, 20, 40. கணக்கு மெஷினுக்கு உரிய 30 அதில் இல்லை. மூன்று சேவரிலும் ஒரே வரியைக் கையால் எழுதி வந்தேன், ஒன்றில் மறந்துபோனேன். அவ்வளவுதான்.

ஓரிடத்தில் எழுதினால் எல்லாச் சேவருக்கும் போய்ச்சேரும் வசதி, இதே வேலை செய்யும் கட்டண மென்பொருளான விஎம்வேரில் வெகுகாலமாக உண்டு. ஆனால் அதற்கு விலைகூடிய எண்டர்பிரைஸ் பிளஸ் லைசென்ஸ் வேண்டியிருந்தது. புரொக்ஸ்மொக்ஸில் அது எஸ்டிஎன் என்ற பெயரில் சில வருடம் சோதனை நிலையில் கிடந்து, 2023 நவம்பரில் வந்த 8.1 பதிப்பில்தான் முழு ஆதரவு பெற்றது. அதே நவம்பரில் பிராட்கொம் என்ற அமெரிக்கக் கம்பனி விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் போதும் என்ற நிரந்தர லைசென்ஸ் விற்பதும் நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டதைப் பார்த்துப் பயந்துபோன கம்பனிகளிடமிருந்து எனக்கு அழைப்புகள் கூடின. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இது ஃப்ரீதானே?"

ஃப்ரீதான். உள்ளே நுழையும்போது 'சந்தா இல்லை' என்று ஒரு பெட்டி வரும். அதை மறைத்துக் கொடுக்கக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எழுதியவனுக்கு ஒரு சதமும் இல்லை, மறைத்தவனுக்குக் கூலி.

கூட்டாகக் காசு போட்டால் காரியம் நடக்கும். 2017 டிசம்பரில் சிட்ரிக்ஸ் கம்பனி, இதே வகை மென்பொருளான தன் சென்சேர்வரின் இலவசப் பதிப்பிலிருந்து பல வசதிகளைக் கழற்றியது. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே கிக்ஸ்டார்ட்டர் என்ற தளத்தில் பொதுமக்களிடம் காசு சேர்த்து, அதற்கு மாற்றாக எக்ஸ்சிபி-என்ஜி என்ற இலவச மென்பொருள் பிறந்தது.

ஆனால் நம்முடைய கோயில்களைப் பாருங்கள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் உபயகாரர் வரிசையில் நிற்பார்கள். மடப்பள்ளிக் கூரை ஒழுகினால் ஆளில்லை. நெட்வேர்க் வசதியும் அப்படித்தான். புதிதாக ஒன்றை எழுதுவிக்க யாராவது கொடுத்துவிடுவார்கள். கேர்னல் என்ற அடிப்படை மென்பொருளும் நெட்வேர்க் கார்ட் டிரைவரும் மாற மாற, அது உடையாமல் பார்க்கும் வேலைக்கு யார் கொடுப்பது? தனியாக எழுதுவித்து மூல மென்பொருளில் சேர்க்காமல் வைத்திருந்தால், ஏதாவது ஒரு அப்கிரேடில் அது நிச்சயம் காலை வாரும். ஆகவே காசு கொடுக்குமுன் கேளுங்கள்: இது மூலத்தில் சேருமா? சேர்ந்தபின் யார் பார்ப்பது?

கம்பனி என்றால் நன்கொடையைவிட வருடச் சந்தா சுலபம். நன்கொடை என்றால் கணக்காளர் இன்வொய்ஸ் எங்கே என்பார். புரொக்ஸ்மொக்ஸ் சந்தா, சேவரில் சிபியு பொருத்தும் சொக்கெட் எத்தனை என்ற கணக்கில் வருடாவருடம் கட்டுவது. இன்வொய்ஸ் வரும், நன்றாகச் சோதித்த அப்டேட்டுகளும் வரும். பராமரிப்புச் செலவில் எழுதிவிடலாம்.

புறக்கோட்டை முதலாளியிடம் விலையைக் காட்டினேன். "ஒரு சேவருக்கு மட்டும் எடுத்தால் போதாதா தம்பி?" என்றார். மூன்றும் சேர்ந்து ஒரே கிளஸ்டர், ஒரே கூட்டு; அதனால் மூன்றுக்கும் எடுக்கவேண்டும் என்றேன். ஏப்ரலில் நிதியாண்டு மாறட்டும், பார்ப்போம் என்றிருக்கிறார்.