ஹைட்ரஜன் விமானத்துக்கு எரிபொருள் நிரப்புவது எப்படி?

1988 ஏப்ரல் 15 அன்று சோவியத் ரஷ்யாவில் டியு-155 என்ற விமானம் பறந்தது. அதன் மூன்று எஞ்சின்களில் ஒன்று திரவ ஹைட்ரஜனில் ஓடியது. ஆக, ஹைட்ரஜனில் பறக்க முடியுமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. சிக்கல் தரையில் இருக்கிறது.

ஒரு கிலோ ஹைட்ரஜனில் வழக்கமான விமான எரிபொருளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் உண்டு. ஆனால் திரவமாக்கினாலும் ஒரு லிட்டரில் 71 கிராம்தான் தேறும். அதே ஆற்றலுக்கு நான்கு மடங்கு இடம் வேண்டும். இறக்கைக்குள் ஊற்றிவைக்கவும் வழியில்லை. பிளாஸ்க் மாதிரி குளிர் காக்கும் பெரிய தொட்டி தேவை. டியு-155-இல் பின்பக்கப் பயணிகள் அறையையே அதற்கு விட்டுக்கொடுத்தார்கள்.

திரவமாவது மைனஸ் 253 டிகிரியில். இங்கே ஒரு வேடிக்கை. ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு புரோட்டான்கள். இரண்டின் சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் ஆர்த்தோ, எதிரெதிராக இருந்தால் பாரா. அறை வெப்பநிலையில் முக்கால் பங்கு ஆர்த்தோ. கடுங்குளிரில் அது மெல்ல மெல்ல, நாள்கணக்கில் பாராவாக மாறும். மாறும்போது வெப்பத்தை உமிழும். அந்த வெப்பம் திரவத்தை ஆவியாக்கத் தேவையானதைவிட அதிகம்! குளிர்வித்து அப்படியே மூடிவைத்தால், வெளிச்சூடு படாமலே தொட்டிக்குள் தானாகக் கொதித்துப் போகும். அதனால் ஆலையிலேயே இரும்பு ஆக்சைடு போன்ற வினையூக்கியின் வழியே செலுத்தி மாற்றத்தை முடித்துவிடுகிறார்கள். ஒரு கிலோவில் இருப்பது 33 யூனிட் ஆற்றல். அதைத் திரவமாக்கவே 10 யூனிட் கரண்ட் போய்விடுகிறது.

சரி, விமான நிலையத்துக்கு வந்தாயிற்று. குழாயின் வெப்பக்காப்பு ஓரிடத்தில் விட்டாலும் சுற்றியுள்ள காற்றே திரவமாகிச் சொட்டும். அதில் ஆக்சிஜன் கூடுதல். கீழே தார்த்தளம் இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து. குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிக் குளிர்ந்த நிலையிலேயே வைக்க நைட்ரஜனும் உதவாது, உறைந்து அடைத்துக்கொள்ளும். விலையுயர்ந்த ஹீலியம்தான் கதி. சமையல் கேஸில் கலப்பது போல வாசனைப் பொருள் சேர்க்கலாமென்றால் அதுவும் உறைந்துவிடும். தீப்பிடித்தால் பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாது.

மகேந்திரகிரியில் இஸ்ரோகாரர்கள் இந்தத் திரவத்தோடுதான் பழகுகிறார்கள். ஆனால் ராக்கெட்டுக்கு ஒரே தடவை நிரப்பினால் போதும். விமானமோ வந்திறங்கி ஒரு மணி நேரத்தில் மறுபடி கிளம்பியாக வேண்டும்.

குழாயே வேண்டாம் என்றது யுனிவர்சல் ஹைட்ரஜன் என்ற அமெரிக்க நிறுவனம். வீட்டு சிலிண்டர் போல நிரப்பிய கலன்களை லாரியில் கொண்டுவந்து விமானத்தில் ஏற்றுவது, காலியானதை இறக்குவது. எனக்குப் பிடித்த யோசனை. 2023 மார்ச்சில் சோதனை விமானத்தையும் பறக்கவிட்டார்கள். மறு ஆண்டே பணம் தீர்ந்து கடையை மூடினார்கள். 2035-க்குள் ஹைட்ரஜன் விமானம் என்று 2020-இல் அறிவித்த ஏர்பஸ்ஸும் 2025-இல் அந்தக் கெடுவைத் தள்ளிப்போட்டது. காரணம் கேட்டால், ஹைட்ரஜன் தயாரிப்பும் விநியோகமும் எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லையாம்.