பங்காளி மருந்து ஊற்றவில்லை

போன வாரம் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து மறுபடியும் ஒரு போன். "சார், பங்காளி ராத்திரியோட ராத்திரியா குட்டையில மருந்து ஊத்திட்டானுங்க. மீனெல்லாம் போச்சு. ஸ்டேஷனுக்குப் போறேன், நீங்க வந்து பாத்து ஒரு எழுத்துக் குடுங்க." வானம் மூடாப்புப் போட்டால் இப்படி ஒரு போன் வருவது வழக்கமாகிவிட்டது. ஊர் மாறும், பங்காளி மாறுவார், மருந்து மட்டும் மாறாது.

போய்ப் பார்த்தால் பத்து சென்ட் குட்டை, கரும்பச்சைத் தண்ணீர். கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு தாண்டுவதற்குள் விரல்கள் மறைந்துவிட்டன. கரை ஒதுங்கியவை பெரும்பாலும் பெரிய கட்லா, வாய் பிளந்தபடி. ஓரத்தில் தலைப்பிரட்டைகள் ஜோராக நீந்திக்கொண்டிருந்தன. ஒரு விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போனது. தலைப்பிரட்டையை விட்டுவிட்டு இரண்டு கிலோ கட்லாவைத் தேடிப் பிடித்துக் கொல்கிற மருந்தை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

திரும்பவும் சொல்கிறேன். பூச்சிமருந்து விழுந்த குட்டையில் நேரம் காலம் இருக்காது. சின்ன மீனும் சாகும், பெரிய மீனும் சாகும். பெரும்பாலும் நீர்ப்பூச்சியும் தலைப்பிரட்டையும்கூடத் தப்பாது. ஆக்சிஜன் இல்லாமல் செத்தால் விடிகாலையில் சாகும், பெரிய மீன் முதலில். காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால் போன்றவை தப்பிக்கும். பெரும்பாலும் முந்தின நாள் வெயில் இருந்திருக்காது. அதற்கு முன்பே இரண்டு மூன்று நாளாக, விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கும். கேட்டேன். "ஆமாங்க, பசிக்குதாட்டம் இருக்குதுன்னு தவிடு சேத்திப் போட்டேன்" என்றார்.

"தண்ணி பச்சையாத்தானுங்க இருக்குது, பாசி காத்துக் குடுக்காதுங்களா?" பகலில் கொடுக்கும். ராத்திரியில் பாசியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மூடாப்பு நாளில் வரவு குறைவு, செலவு குறையாது.

பல வகை மீனை ஒரே குட்டையில் விடுகிற கூட்டுமீன் வளர்ப்பில் ஏக்கருக்கு 4,000 குஞ்சு என்பது பொதுவான கணக்கு. பத்து சென்ட்டுக்கு 400. இவர் விட்டது 2,000. "பாதி செத்துரும், சேத்தி விடுங்க" என்று குஞ்சு விற்றவர் சொன்னாராம். போதாததற்கு ஒரு டிராக்டர் லோடு கோழி எரு. நாமக்கல்லும் பல்லடமும் பக்கத்தில் இருப்பதால் எரு சுலபமாகக் கிடைக்கிறது, குட்டையில்தான் கொட்ட வேண்டும் என்று யார் சொன்னது?

தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கலாகவாவது தெரிய வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் எருவும் தீவனமும் அன்றோடு நிற்க வேண்டும். மூடாப்பு நாளில் தீவனமே வேண்டாம்; ஒரு நாள் பட்டினியால் மீன் சாகாது. பாசியைக் கொல்ல மருந்து அடிக்காதீர்கள், செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போய்விடும். எருவைக் கொட்டிவிட்டு அதன்மேல் சுண்ணாம்பு போடுகிறவர்களை என்னவென்று சொல்வது? சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை ஏறும், எருவிலிருந்து வரும் அம்மோனியா இன்னும் கொடியதாகும்.

மீன் வாய் திறக்க ஆரம்பித்துவிட்டால் குட்டைத் தண்ணீரையே மோட்டாரால் எடுத்து உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள். போர் தண்ணீர் என்றாலும் ஓஸ் குழாயை அப்படியே உள்ளே முக்காதீர்கள். ஆழத்திலிருந்து வருகிற தண்ணீரில் ஆக்சிஜன் இருப்பது அபூர்வம். ஒரு பலகையிலோ கல்லிலோ அடித்துச் சிதறித்தான் விழ வேண்டும். அந்த நேரத்தில் வலை போட்டு மீனைக் கலைக்கவும் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மருந்துதான் என்று சந்தேகம் தீரவில்லையா? சரி, சுத்தமான பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்தப் பங்காளி வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடாமல் இருங்கள், தயவுசெய்து.