விங்மேன்: பக்கத்தில் பறப்பவனும் பாங்கனும்

பெண் தேடி அலையும் ஆண் நண்பர்களைப் பற்றிய அமெரிக்கக் காமெடிப் படங்களில் அடிக்கடி வரும் காட்சி இது. மதுக்கூடத்தில் நாயகனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துவிடும். அவளோ தோழியோடு உட்கார்ந்திருப்பாள். நாயகனின் நண்பன் அந்தத் தோழியிடம் பேச்சுக் கொடுத்து அவளைத் தனியே அழைத்துப் போவான். இல்லையென்றால் நாயகனைப் பற்றி இல்லாத பெருமையெல்லாம் அளந்துவிடுவான். அந்த நண்பனுக்குப் பெயர் விங்மேன். 'நண்பன்' என்று மட்டும் தமிழில் எழுதினால் அவன் பார்க்கும் வேலை விட்டுப்போகிறது.

இது போர் விமானிகளின் சொல். விங் என்றால் இறக்கை. முன்னே பறக்கும் விமானத்துக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் பறப்பவர் விங்மேன். எதிரியைத் துரத்துகிற விமானியின் கண் முழுக்க முன்னால்தான் இருக்கும். அவருடைய முதுகைக் காப்பது பக்கத்தில் வருபவரின் பொறுப்பு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் இதற்காகவே ஓர் உத்தியை வகுத்தார். சேர்ந்து பறக்கும் இருவரில் ஒருவரின் வாலை எதிரி பிடித்தால், இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பிக் குறுக்கே கடப்பார்கள். பின்தொடரும் எதிரி, மற்றவரின் துப்பாக்கிக்கு நேராக வந்து மாட்டிக்கொள்வான். 1942 ஜூனில் மிட்வே போரில் இது பயன்பட்டது. 1986இல் வந்த 'டாப் கன்' படம் விங்மேன் என்ற சொல்லை வெகுமக்களிடம் கொண்டுபோனது. உயிரைக் காத்த சொல் மதுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது பிற்பாடுதான்.

தமிழில் என்ன சொல்வது? 'இறக்கையாள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் புரியாது. 'பொண்ணைக் கரெக்ட் பண்ணிக் கொடுக்கிறவன்' என்ற பேச்சுவழக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அதில் பெண் ஒரு பொருளாகிவிடுகிறாள். நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது பாங்கன். பாங்கு என்பதற்குப் பக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. பாங்கன், பக்கத்தில் இருப்பவன். விங்மேனுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரிந்து இல்லை. (பள்ளிவாசலில் சொல்லும் பாங்கு வேறு, அது பாரசீகத்திலிருந்து வந்தது.)

அகப்பாடல்களில் பாங்கன் தலைவனின் தோழன். 'பாங்கொடு தழாஅல்' என்று தொல்காப்பியமே களவின், அதாவது மணத்துக்கு முந்திய மறைவான காதலின், வகைகளில் ஒன்றாக இவன் துணையைச் சொல்கிறது. தலைவன் வாடியிருப்பதைக் கண்டதும் பாங்கன் செய்யும் முதல் வேலை கழறல், அதாவது இடித்துரைத்தல். 'ஒரு பெண்ணுக்காக இப்படி நிலைகுலையலாமா?' என்று கேட்பான். அதற்குத் தலைவன் சொல்லும் மறுமொழி கழற்றெதிர்மறை. குறுந்தொகை 58ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் அதை எழுதியிருக்கிறார். வெயிலில் கொதிக்கும் பாறைமேல் வெண்ணெய். காவலுக்கு இருப்பவனுக்குக் கையில்லை, வாய் பேசவும் வராது. உருகிப் பரவுவதைக் கண்ணால் பார்க்கத்தான் முடியும். என் நோயும் அப்படித்தான் பரவிவிட்டது என்கிறான் தலைவன். இதைக் கேட்ட பிறகு எந்த நண்பனால் இன்னும் திட்ட முடியும்? அவள் எங்கே இருக்கிறாள், எப்படி இருப்பாள் என்று கேட்டறிந்து பாங்கன் போகிறான். தொலைவில் நின்று அவளைக் காண்கிறான். இவளைப் பார்த்த பிறகும் இவ்வளவாவது தாங்கினானே என்று தலைவனை வியக்கிறான். திரும்பி வந்து அவள் நிற்கும் இடத்தைச் சொல்கிறான். இப்படிப் பாங்கனின் துணையால் தலைவன் அவளைப் போய்ச் சேர்வதுதான் பாங்கற் கூட்டம்.

அவளிடம் அவன் பொய் சொல்வதில்லை, அவளுடைய தோழியை ஏமாற்றி அப்புறப்படுத்துவதும் இல்லை. நண்பனைத் திட்டவும் அவனுக்கு உரிமை இருக்கிறது. படத்து விங்மேனிடம் நான் தேடிக் கிடைக்காதது இந்த உரிமைதான். 'இது தப்புடா மச்சான்' என்று அவன் சொன்னால் அங்கே கதையே நகராது.

பெண்ணுக்கு இதே வேலை பார்க்கும் தோழி பாங்கி. அந்தச் சொல்லும் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. விமானப்படைப் பொருளுக்கு மட்டும் பக்கத்துணை விமானி என்று வைத்துக்கொள்ளலாம். வெறுமனே துணை விமானி என்றால் ஒரே விமானத்தில் கூட உட்கார்ந்து ஓட்டுபவரோடு குழம்பும். மற்றபடி, 'நாளைக்கு அவளைப் பார்க்கப் போறேன், பாங்கனா வர்றியா?' என்று இன்றைய பேச்சிலேயே கேட்கலாம்.