இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் ஓட்டு

2024 ஜூலை 4 வியாழக்கிழமை பிரிட்டனில் தேர்தல். மறுநாள் காலையே ரிஷி சுனக் அரண்மனைக்குப் போய் ராஜினாமாவைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் போன கெய்ர் ஸ்டார்மர் பிரதமராக வெளியே வந்தார். கன்சர்வேட்டிவ் கட்சியின் 14 வருட ஆட்சி முடிந்தது. லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண் உமா குமரன் ஜெயித்ததை நம் ஆட்கள் கொண்டாடினார்கள். சரி, அவர்களில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள்? "நமக்குத்தான் சிட்டிசன்ஷிப் இல்லையே" என்று ஒதுங்குகிறவர்கள் நிறைய.

அது தவறான எண்ணம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். இவற்றின் குடிமக்கள் 18 வயதாகி, செல்லுபடியாகும் விசாவோடு பிரிட்டனில் குடியிருந்தால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு உண்டு. படிக்க வந்தவருக்கும்தான். இத்தனை வருஷம் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. இருபது வருஷமாக லண்டனில் வரி கட்டும் ஜெர்மன்காரருக்கு, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்காதவரை, இந்த ஓட்டு இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். பழைய சாம்ராஜ்யம் விட்டுப்போன மிச்சம் இது!

ஆனால் பட்டியலில் பெயர் தானாக ஏறாது. அரசு இணையதளத்தில் நீங்களே பதிய வேண்டும், சில நிமிட வேலை. கடைசி நாள் ஓட்டுப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்பு. 2024-இல் அது ஜூன் 18.

அப்புறம், படம் உள்ள அடையாள அட்டை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் இது இல்லாமல் வாக்குச்சீட்டு தரமாட்டார்கள். உங்கள் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டே போதும். காலாவதியாகியிருந்தாலும் முகம் பொருந்தினால் சரி. வேடிக்கை என்னவென்றால், 2024-இல் அறுபது தாண்டியவர்களின் ஆய்ஸ்டர் கார்டு (லண்டன் பஸ், ரயில் பயண அட்டை) செல்லும், மாணவரின் ஆய்ஸ்டர் கார்டு செல்லாது. எந்த அட்டையும் இல்லாதவர்களுக்கு இலவசமாக ஒரு வாக்காளர் சான்றிதழ் தருகிறார்கள். அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

உள்ளே மெஷின் கிடையாது. காகிதச் சீட்டில், கயிறு கட்டிய பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். விரலில் மையும் இல்லை.

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் வருஷத்துக்கு ஒரு ரூம் மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முகவரி மாறினால் மறுபடியும் பதிய வேண்டும்.